நாற்பது பேரில் ஒருவர்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. கணவருக்கு 43 வயது. நல்ல உத்தியோகம், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், அளவான குடும்பம். வாரத்தில் இரண்டு நாள், எல்லாரும் படுத்த பிறகு, அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். யார் யாரோடோ பேசுகிறார், உத்தரவு கேட்டுக்கொள்கிறார், சிரிக்கிறார். "கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது சார், ஆனால் மூஞ்சி தெரியாத ஆட்களோடு இந்த வயசில் அப்படி என்ன வைத்திருக்கிறது? அதை மட்டும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

கேள்வியில் கோபம் குறைவு, ஆர்வம் அதிகம். அதனால்தான் நாலு வரியில் பதில் போட மனம் வரவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சகோதரிக்கு. அதே கேள்வி மனதில் இருக்கிற மற்ற வீட்டுக்காரர்களுக்கும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ஆன்லைன் விளையாட்டு என்றதுமே நம் ஊரில் ரம்மிதான் ஞாபகம் வரும். வந்தே தீரும், அதில் பணத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களைப் பற்றி நாமே எழுதியிருக்கிறோம். தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் அதற்கு எதிராக மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, மறுபடி நிறைவேற்றி 2023-இல் சட்டமானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நான் பேசப்போவது அந்தப் பொழுதுபோக்கு வகையைப் பற்றி. இதில் பந்தயப் பணம் கிடையாது. மாதச் சந்தா உண்டு, சில விளையாட்டுகளுக்கு அதுவும் இல்லை. போட்டு எடுக்கிற கணக்கு இங்கே எதுவும் இல்லை.

பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் நுழைந்து விளையாடும் வழக்கம் பழையது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். 1997-இல் 'அல்டிமா ஆன்லைன்', 1999-இல் 'எவர்குவெஸ்ட்', 2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று அந்த உலகங்கள் பெருத்தன. கடைசியாகச் சொன்னது இருபது வருடத்தைக் கடந்தும் நடந்துகொண்டிருக்கிறது. அது வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. 2019 ஆகஸ்டில் அதன் பழைய வடிவத்தையே 'கிளாசிக்' என்று மறுபடி வெளியிட்டார்கள். ஹாஸ்டலில் விடிய விடிய ஆடியவர்கள் பிள்ளை குட்டியோடு திரும்பி வந்தார்கள்.

இந்த விளையாட்டுகளை அமைத்தவர்கள் ஒரு காரியத்தைத் தெரிந்தே செய்தார்கள். தனி ஆளாக எவ்வளவு திறமை இருந்தாலும் முடிக்க முடியாத வேலைகளை உள்ளே வைத்தார்கள். வார்கிராஃப்டின் தொடக்க காலத்தில் பெரிய எதிரிகளை வீழ்த்த நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேரை ஒரே இரவில், ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்துக்கு வரவழைப்பது சும்மா வருமா? அதற்குத்தான் 'கில்டு' என்ற குழுக்கள். தலைவர், அவருக்குக் கீழே ஆஃபீசர்கள், உறுப்பினர் பட்டியல், விதிமுறை, வருகைப் பதிவு, பொதுக் கருவூலம். நம் தெருமுனை இளைஞர் நற்பணி மன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எதுவும் புதிதாக இருக்காது. கேரம் போர்டும் நோட்டுப் புத்தகமும் அங்கே. இங்கே திரையும் மைக்கும்.

அப்படி ஒரு இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பொத்தானைத் தட்டுவது மட்டும்தான் தெரியும்.

ஒனிக்சியா என்று ஒரு கரிய பெண் டிராகன். சதுப்பு நிலத்தில் ஒரு குகை, அதன் அடியில் அவள் இருப்பிடம். குகையின் இரண்டு பக்கமும் பள்ளங்களில் முட்டைகள். நாற்பது பேரும் வாசலில் கூடியதும் அன்றைய தாக்குதலை நடத்துகிற 'ரெய்டு லீடர்' 'தயாரா' என்று எல்லார் திரையிலும் ஒரு கேள்வியை அனுப்புவார். நாற்பதும் பச்சையாக வரும்வரை யாரும் நகரக்கூடாது. யாரோ ஒருவருக்குத் தண்ணீர் குடிக்கப் போகணும், யாரோ ஒருவர் வீட்டில் குழந்தை விழித்துவிட்டது. காத்திருப்பார்கள். பிறகு 'டேங்க்' என்று அழைக்கப்படுபவர், கனத்த கவசம் பூண்டவர், முதலில் ஓடிப்போய் டிராகனின் கோபம் முழுவதையும் தன் மேல் இழுத்துக்கொள்வார். அவளைக் குகையின் கடைக்கோடிச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பி நிறுத்துவது அவர் வேலை. மற்றவர்கள் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். முன்னால் நின்றால் நெருப்பு மூச்சு. பின்னால் நின்றால் வால் அடித்து முட்டைப் பள்ளத்துக்குள் தூக்கிப் போட்டுவிடும். முட்டைகள் பொரிந்து குட்டிகள் கூட்டமாகக் கிளம்பும். ஒருவர் தப்பாக நின்றதற்கு நாற்பது பேரும் சாக வேண்டியதுதான்.

அவள் பலம் 65 சதவீதத்துக்கு இறங்கியதும் பறக்கத் தொடங்குவாள். அப்போது குகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நெருப்பைக் கொட்டுவாள். எல்லாரும் சிதறி ஓட வேண்டும். 40 சதவீதத்தில் மறுபடி தரை இறங்குவாள். டேங்க் மறுபடி ஓடிப்போய்ப் பிடிக்கும்வரை யாரும் அடிக்கக்கூடாது. கை துறுதுறுக்கும், ஆனாலும் பொறுக்க வேண்டும்.

இந்தக் களேபரம் முழுவதிலும் 'ஹீலர்' என்று சிலர் இருப்பார்கள், மற்றவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவர்கள். அவர்களில் பலர் டிராகனை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. திரையின் ஒரு ஓரத்தில் நாற்பது சின்னப் பட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எந்தப் பட்டை குறைகிறதோ அதில்தான் அவர்கள் கண். இரண்டு மணி நேரம் மற்றவர்களின் உயிரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த வேலையை விரும்பி எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் யார் யாருக்கோ பதில் சொல்லிக் களைத்து வந்தவர் ராத்திரியிலும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார் என்றால், பிறருக்குப் பயன்படுவதில் மனிதனுக்கு எவ்வளவு பசி இருக்கிறது என்று பாருங்கள்.

டிராகன் விழுந்த பிறகு இன்னொரு நாடகம். நாற்பது பேருக்கு நடுவில் கிடைப்பது சில பொருள்கள்தான். யாருக்குக் கொடுப்பது? எவர்குவெஸ்ட் காலத்திலேயே இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார்கள். வந்த ஒவ்வொரு இரவுக்கும் புள்ளி. பொருள் எடுத்தால் புள்ளி குறையும். ஒழுங்காக வந்தவருக்கு முன்னுரிமை. இன்னும் சில குழுக்களில் மூத்தவர்கள் கூடிப் பேசி, குழுவுக்கு எது நல்லதோ அதன்படி கொடுப்பார்கள். எடுத்துக்கொண்டு ஓடிப்போனவனின் பெயர் அந்த சர்வர் முழுக்கப் பரவிவிடும், வேறு எந்தக் குழுவும் சேர்க்காது. போலீஸும் கோர்ட்டும் இல்லாத இடத்தில் பெயர் ஒன்றுதான் பாதுகாப்பு என்பதை இவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்.

வாசகியின் கேள்விக்கு இனி வருகிறேன். இதில் என்ன ஈர்ப்பு?

என் எண்ணத்தைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் நம்மை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் இரண்டே இடத்தில்தான் இருக்கிறார்கள்: வீட்டில், ஆபீஸில். இரண்டிலும் அந்த எதிர்பார்ப்பு கடமையோடு வருகிறது. மூன்றாவதாக, நாம் விரும்பிப் போகிற, நாம் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்கிற இடம் பெரும்பாலானவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. நண்பர்கள் இல்லாமல் இல்லை. வாட்ஸாப்பில் ஐந்து குரூப்பில் இருக்கிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக் படம் வருகிறது. ஒரு நாள் சந்திக்கலாம் என்று பேச்சு வருகிறது. அந்த ஒரு நாள்தான் வருவதில்லை. வேலை நிமித்தம் ஒருவர் பூனாவில், ஒருவர் துபாயில், ஒருவர் அதே ஊரில் இருந்தும் மாதக்கணக்கில் பார்க்க முடியாத தொலைவில்.

ஒழுங்காக நடக்கிற விளையாட்டுக் குழு இந்த இடத்தைத்தான் நிரப்புகிறது. புதன் ராத்திரி பத்தரை என்றால் பத்தரை. ஹீலர் இல்லையென்றால் மற்றவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பார்வைக்கு இது இன்னொரு சுமை. ஆனால் அந்தச் சுமையில்தான் ருசியே இருக்கிறது. தனியாக மொபைலில் ஆடும் ஆட்டத்தை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் விடலாம். நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. குழுவில் நமக்கென்று ஒரு வேலை, ஒரு இடம், ஒரு பெயர். அதை விட்டுவிட்டு வந்தால் அங்கே ஒரு பள்ளம் தெரியும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் வெளியிட்ட நூலில் வீட்டுக்கும் வேலைக்கும் அப்பால் மனிதருக்கு மூன்றாவது இடம் ஒன்று தேவை என்று சொன்னார். டீக்கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம், நூலகத் திண்ணை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். 2006-இல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், டிமிட்ரி வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கற்பனை உலகங்களை அந்த அளவுகோலால் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலும் பொருந்துகிறது என்றார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தார்கள்: விதவிதமான மனிதர்களைப் பரிச்சயப்படுத்திக்கொள்வதில்தான் இந்த இடங்களுக்குப் பலம், உயிருக்குயிரான உறவு அதிலிருந்து தானாக வந்துவிடாது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, வார்கிராஃப்டில் ஏராளமானவர்கள் கூட்டத்துக்கு நடுவிலும் தனியாகவே ஆடுகிறார்கள் என்று காட்டியது. எனக்கு இந்த இரண்டும் முக்கியமாகப் படுகின்றன. உலகத்துக்குள் நுழைந்தால் மட்டும் துணை கிடைத்துவிடாது. அதற்குள் ஒரு நல்ல குழுவைத் தேடிச் சேர வேண்டியிருக்கிறது.

பெரியவர்களுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்தைந்து என்று ஒவ்வொன்றும் ஒரு வயது வரம்பு வைத்திருக்கும். சேர்வதற்கு விண்ணப்பம், பேசிப் பார்த்தல், சில வாரம் தற்காலிக உறுப்பினர் என்று படிப்படியாக வருவார்கள். அந்தக் குழுக்களின் விதிகளில் அடிக்கடி காணப்படும் முதல் வரி, வீடும் வாழ்க்கையும் முதலில், விளையாட்டு அதற்குப் பிறகு என்பதுதான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது "பாப்பா எழுந்துட்டா, போறேன்" என்று ஒருவர் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னொருவரைப் போட்டுக்கொண்டு தொடர்வார்கள். பதினாறு வயதுப் பையன்கள் நிறைந்த குழுவில் இது நடக்காது. அவர்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது, பொறுமை இல்லை. நாற்பது வயதுக்காரரிடம் நேரம் இல்லை. ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவது என்றால் என்னவென்று தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய சர்வரில் விளையாடுகிற இந்தியருக்கு அங்கே குளிர்கால ராத்திரி எட்டு மணி என்பது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. எல்லாரும் படுத்த பிறகு உட்காருவதற்குப் பல சமயம் காரணம் இவ்வளவுதான். ஒளிவு மறைவு ஒன்றும் இருக்காது.

இந்த ஒழுங்கு எந்த எல்லைவரை போகும் என்பதற்கு ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டைச் சொல்லலாம். சீனா நீங்கலாக உலகத்தார் எல்லாருக்கும் அதில் ஒரே பிரபஞ்சம். அதனால் குழுக்கள் ஆயிரக்கணக்கான ஆள்களோடு வளர்ந்திருக்கின்றன. ஆள் சேர்ப்புக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு ஒரு பிரிவு, சரக்குப் போக்குவரத்துக்கு ஒன்று, எதிரணியோடு பேச்சுவார்த்தைக்குத் தூதர்கள், உளவுக்குத் தனி ஆட்கள். 2004-இல் தொடங்கிய 'ஈவ் யுனிவர்சிட்டி' என்ற வீரர் குழு புதியவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. பல வருடம் ஆடித் தேர்ந்தவர் ஒருவர் தன் சனிக்கிழமை மாலையைப் புதியவனுக்குக் கப்பல் ஓட்டக் கற்றுத்தரச் செலவிடுகிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றமும் 2008 முதல் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் விளையாட்டின் போக்கைப் பற்றி நிறுவனத்தோடு நேரில் பேசுகிறார்கள்.

2014 ஜனவரி 27-ஆம் தேதி அந்தப் பிரபஞ்சத்தில் ஒரு பெரும் போர் மூண்டது. காரணம், ஒரு கூட்டணி தன் வசமிருந்த பகுதிக்குக் கட்ட வேண்டிய தொகை அன்று கட்டப்படாமல் விட்டுப்போனது. உரிமை கைநழுவியது தெரிந்ததும் எதிரணி உள்ளே புகுந்தது. 7,500-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அத்தனை பேரின் கூட்டத்தைத் தாங்குவதற்காக சர்வர் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கிவிடும். அப்படி ஊர்ந்து ஊர்ந்து 21 மணி நேரம் போர் நடந்தது. ஒரு நாட்டில் ஒருவர் தூங்கப் போக, இன்னொரு நாட்டில் விடிந்து இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். கட்டி முடிக்க மாதக்கணக்காகும் 'டைட்டன்' வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. அதே ஆண்டு ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கின் துறைமுகப் பகுதியில், நிஜக் கல்லும் உலோகமுமாக, அந்த விளையாட்டை ஆடுகிறவர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இன்றும் அங்கே போகிறவர்கள் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துத் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, "சரி, அழகான அமைப்புதான், ஆனால் எல்லாம் பொய் உலகம்தானே" என்று யாராவது சொன்னால், அவர்களிடம் நான் மாட்ஸ் ஸ்டீனைப் பற்றித்தான் சொல்வேன்.

நார்வே நாட்டின் ஓஸ்லோவைச் சேர்ந்தவர். பிறவியிலேயே டுஷேன் தசைச்சிதைவு நோய். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் சக்தி இழந்துகொண்டே போகும், முழுதாகக் குணமாக்க மருந்தில்லை. நடந்தவர் சக்கர நாற்காலிக்கு வந்தார். பிறகு விரல்களின் சிறு அசைவு மட்டும் மிச்சம். பெற்றோர் வீட்டோடு ஒட்டிய ஒரு சிறு குடியிருப்பில் பகலும் இரவும் உதவியாளர்களோடு இருந்தார். கடைசிப் பத்தாண்டில் 15,000 முதல் 20,000 மணி நேரம்வரை வார்கிராஃப்டில் கழித்தார். மகன் வெளியே போகவில்லை, காதலிக்கவில்லை, நண்பர் இல்லை, யாருக்கும் உதவியாக ஒரு காரியம் செய்யும் வாய்ப்பே அவனுக்கு அமையவில்லை என்று பெற்றோர் உள்ளுக்குள் அழுதார்கள். 2014 நவம்பர் 18 அன்று, 25 வயதில் மாட்ஸ் இறந்துபோனார்.

அவர் எழுதிவந்த வலைப்பதிவின் கடவுச்சொல் தந்தை ராபர்ட்டிடம் இருந்தது. படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் தெரியட்டும் என்று இறப்புச் செய்தியை அதில் போட்டார். அன்றே மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. எல்லாம் முன்பின் தெரியாத நாடுகளிலிருந்து, தெரியாத மனிதர்களிடமிருந்து. அவர்களுக்கு அவர் இபெலின், விளையாட்டில் அவர் ஏற்றிருந்த பாத்திரம். நல்ல உயரம், திடமான உடம்பு, ஓடியாடித் திரியும் பிரபு, துப்பறிவாளர்.

மாட்ஸ் இருந்த கில்டின் பெயர் ஸ்டார்லைட். முப்பது பேர் அளவிலான சிறிய குழு. உள்ளே வர ஏற்கெனவே இருப்பவர் ஒருவர் உத்தரவாதம் சொல்ல வேண்டும், பிறகு ஓரிரு மாதம் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். டிராகனைக் கொல்வதைவிட, அந்த உலகத்துக்குள் ஒரு பாத்திரமாக வாழ்ந்து பேசிப் பழகுவதில் நாட்டம் உள்ளவர்கள். நெதர்லாந்தில் ஒரு பெண் பள்ளியில் மதிப்பெண் குறைந்ததால் பெற்றோர் அவள் கம்ப்யூட்டரைப் பறித்துக்கொண்டபோது, மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, இந்த விளையாட்டில் தங்களுக்குள் என்ன நட்பு இருக்கிறது என்று விளக்கினார். டென்மார்க்கில் ஒரு தாய். ஆட்டிசம் உள்ள மகன். கட்டிப்பிடிக்க வந்தால் கூசி விலகுகிற பிள்ளை. அவர்கள் இருவரையும் விளையாட்டுக்குள் சேர்ந்து வரும்படி மாட்ஸ்தான் தூண்டினார். அங்கே முதலில் அவர்களின் பாத்திரங்கள் கட்டிப்பிடித்தன. பிறகு, வீட்டில், அவர்கள். தன் நோயைப் பற்றி நெடுங்காலம் அந்தக் குழுவில் யாரிடமும் மாட்ஸ் மூச்சு விடவில்லை. 2013 வாக்கில் வலைப்பதிவில் எழுதத் தொடங்கிய பிறகுதான் சிலருக்குத் தெரியவந்தது.

ஓஸ்லோவில் இறுதிச் சடங்கு. நெதர்லாந்து, டென்மார்க், இங்கிலாந்து, பின்லாந்து என்று நாலு திசையிலிருந்து கில்டு நண்பர்கள் வந்து நின்றார்கள். பயணச் செலவுக்கு வசதியில்லாதவருக்குக் குழுவே பணம் திரட்டிக் கொடுத்தது. அவர்களில் ஒருவர் எழுந்து உரையாற்றினார். மகனுக்கு நண்பரே இல்லை என்று நினைத்திருந்த தகப்பனாரும் தாயும் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். குழு தன் பழைய உரையாடல் பதிவுகளைப் பாதுகாத்து வைத்திருந்ததால், மாட்ஸ் என்ன பேசினார், யாரை எப்படித் தேற்றினார் என்பதெல்லாம் எழுத்தாகவே கிடைத்தது. அந்தப் பதிவுகளை வைத்து பெஞ்சமின் ரீ என்ற நார்வே இயக்குநர் 'த ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 2024 சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது பெற்றது, பிறகு நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. பாருங்கள், வீட்டில் எல்லாருமாகப் பாருங்கள்.

அந்தப் பெற்றோரின் மீது எனக்குத் துளியும் குறை சொல்லத் தோன்றவில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது மகனின் முதுகு மட்டும்தான். மகனும் அதிகம் சொல்லவில்லை. அந்தக் கதவு கொஞ்சம் முன்னாலேயே திறந்திருக்கலாம் என்ற வருத்தத்தை ராபர்ட்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே அந்த வருத்தம் நம் வீடுகளில் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

எல்லாக் குழுவும் ஸ்டார்லைட் ஆகாது. பாதியில் உடைந்து போகிறவை ஏராளம். தலைவர் அதிகாரம் செய்கிற குழு, பொருளுக்காகச் சண்டை போட்டுக்கொள்கிற குழு, புதியவரைக் கேலி செய்கிற குழு எல்லாம் உண்டு. பெண்களின் அனுபவம் இன்னும் கசப்பு. குரல் கேட்டதும் தொடங்கும் தொல்லைக்குப் பயந்து பலர் மைக்கை ஆன் செய்வதே இல்லை. பெரியவர்களுக்கான ஒழுங்குள்ள குழுக்களைப் பெண்கள் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வரம்பு மீறினால் ஆளை வெளியே அனுப்ப ஒரு நிர்வாகம் இருக்கிறது. அப்படி அனுப்பத் தயங்குகிற குழுவில் ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை என்பேன்.

அடிமையாகிவிடும் ஆபத்தையும் மறைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பதை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே ஆகிவிடுவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இந்த நிலை பொதுவாக ஒரு வருடமளவு நீடிப்பது ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். வேலைக்குப் போகாமல், பிள்ளை முகம் பார்க்காமல், சோறு தூக்கம் விட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். வாரம் இரண்டு இரவு, நேரம் குறித்து, சிரித்துப் பேசிவிட்டு, காலையில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடுகிற மனிதரின் நிலை வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசினால் நோயாளிக்கும் உதவி கிடைக்காது, நல்லபடி இருப்பவருக்கும் மனம் நோகும்.

சேர நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரப்பட வேண்டாம். முதலில் ஒன்றிரண்டு வாரம் விருந்தாளியாக இருந்து கேளுங்கள். ஆட்டம் தோற்ற இரவில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஜெயித்த இரவில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். விதிகளை எழுதி வைத்திருக்கிறார்களா, அவற்றை ஆஃபீசர்களும் மதிக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டு வேலையாகப் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். பதிலிலேயே அந்தக் குழுவின் வயது தெரிந்துவிடும். சொந்தப் பெயர், வேலை செய்யும் இடம், வங்கி விவரம் எதையும் கொடுக்காதீர்கள். பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். உங்கள் இரவுகள் எவை என்று வீட்டில் சொல்லி, சம்மதம் வாங்கி, காலண்டரில் குறித்துவிட்டு ஆடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஒரு இரவு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அந்த நாற்பது பேரில் யார் யார், எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். ஒரு வணக்கம் சொல்லுங்கள், அவ்வளவு போதும்.

இப்படி ஏதாவது ஒரு குழுவில் இருக்கிற நம் வாசகர்கள் நிறைய பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்த விளையாட்டு, குழுவில் உங்கள் வேலை என்ன, அதில் கிடைத்த ஒரு நட்பைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். குடும்பத்தார் தரப்பிலிருந்து மனக்குறை இருந்தாலும் எழுதுங்கள், அதற்கும் இடம் உண்டு. பெயர் வேண்டாம் என்றால் விளையாட்டில் உள்ள பெயரிலேயே வெளியிடுகிறோம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் எங்கள் கைக்கு வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்